பிச்சமுத்து பெருக்கிய கடற்கரை

எனக்கு எதைக் கண்டாலும் குமட்டாது. இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் வேலை. சீழ், வாந்தி, படுக்கைப் புண் எல்லாம் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிடுகிறவள் நான். கூட வேலை பார்க்கும் பெண்கள், "அறிவுக்கா, உங்களுக்கு மூக்கு இருக்கா இல்லையா?" என்று கேட்பார்கள். பிச்சமுத்து மகளுக்கு மூக்கு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று சிரித்துக்கொள்வேன். அப்படிப்பட்ட எனக்குப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தென்னூரில் ஏசி போட்ட ஒரு ஹாலில், வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்த இடத்தில், அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் கோபம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் அப்பாவைச் சொல்ல வேண்டும். பிச்சமுத்து, வயது எழுபத்து மூன்று. முப்பத்தைந்து வருஷம் திருச்சித் தெருக்களைப் பெருக்கி, சாக்கடை வாரி, ரிட்டயர் ஆனவர். அந்த வேலை நிரந்தரம் ஆவதற்கு முன்னால், கல்யாணமாகி நாலே மாதத்தில், அவரும் என் அம்மா பாப்பாயியும் ஒரு சினிமாக் கம்பெனியோடு பன்னிரண்டு நாள் வெளியூர் போய் வந்தார்கள். நடிக்கப் போகவில்லை.

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் மொட்டையாக நின்ற காலம் அது. சுற்றுலாவுக்கு ஆள் இழுக்க ஒரு கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தார்கள். திருச்சியில் தொடங்கிக் கடலோரத்தில் இருக்கும் ஒரு அழகான நகரத்தில் முடிகிற மாதிரிப் படம். கொள்ளிடக் கரையிலிருந்து சூரியன் எழுவதைக் காட்ட வேண்டும், பின்னால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தெரிய வேண்டும் என்று டைரக்டருக்கு ஆசை. விடிகாலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கியிருக்கிறார். இறங்கியவர் மிதித்த மிதியில் செருப்பை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டுக் கரையேறிவிட்டாராம். மணல் முழுக்க ஊர்க்காரர்கள் காலைக்கடன் கழித்து வைத்திருந்தார்கள். யாரையோ விட்டு ஆள் தேடியதில் அப்பாவும் அம்மாவும் அகப்பட்டார்கள்.

அரை நாளில் அள்ளிப் புதைத்துச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். அதற்கும் டைரக்டர் முகத்தைச் சுளித்தார். அசிங்கம் போய்விட்டது, ஆனால் மணலெல்லாம் உங்கள் காலடியாக இருக்கிறதே என்றார். அம்மாவுக்குப் பத்தொன்பது வயது. ஒன்றும் பேசாமல் போய் ஒரு தென்னங்கீற்றை இழுத்து வந்தாள். அதை முன்னால் போட்டு இடம் வலமாக வீசியபடி, பின்பக்கமாகவே நடந்து, தன் காலடியைத் தானே அழித்துக்கொண்டு கரை வரைக்கும் வந்தாள். மணல் அப்போதுதான் ஆறு கொண்டு வந்து கொட்டியது போல இருந்ததாம். டைரக்டர் கை தட்டினார். அந்தச் சாமர்த்தியம்தான் அவளுக்கு வினையாயிற்று. கேமரா, லைட்டு, டிரைபாட், பிச்சமுத்து, பாப்பாயி என்று எல்லாவற்றையும் ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு கடற்கரை நகரத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த நகரத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அங்கிருந்து நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், உங்கள் ஊர் ஆற்றங்கரை மட்டும் என்ன வாழ்கிறது என்பார்கள். கேட்கிறவர்கள் கேட்கட்டும், அதுவும் நியாயம்தான். அங்கே கலங்கரை விளக்கம் இருந்தது, வெள்ளைக்கார மாளிகைகள் இருந்தன, வரிசையாகத் தென்னை இருந்தது. மாளிகை முதல் குப்பம் வரைக்கும் எல்லாருக்கும் கடற்கரைதான் கக்கூசாகவும் இருந்தது. பன்னிரண்டு நாளும் விடிவதற்குள் இரண்டு பேரும் கூடையும் மண்வெட்டியுமாக இறங்கி, வாரி, புதைத்து, கீற்றைப் போட்டுப் பின்பக்கமாக நடந்து, தென்னைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். பிறகு கேமரா ஓடும். "ஆள் தெரியுது, இன்னும் பின்னால போ" என்று கத்துவார்களாம். சாப்பாடு வேனுக்குப் பின்னால் தனியாக, வாழை இலையைக்கூடக் கையில் கொடுக்காமல் கீழே வைப்பார்களாம். அப்பாவும் அம்மாவும் கையால் சுத்தம் செய்த மணலில் தாங்கள் உட்கார்ந்துகொண்டே அப்படி வைப்பார்களாம். தூ.

நான் இதைச் சொல்லிக் கத்தினால் அப்பா சமாதானம் சொல்வார். "விடு அறிவு. உங்கம்மா கடல் பாத்தா. அது போதும்."

கடைசி நாள் சாயங்காலம் ஷூட்டிங் முடிந்தது, எல்லாம் கட்டியாயிற்று என்றார்கள். அம்மா கீற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நடந்தாள். முன்பக்கமாக. அப்பா கூடப் போனார். பன்னிரண்டு நாளில் அன்றைக்கு ஒரு தடவைதான் இரண்டு பேரும் மனுஷர்கள் மாதிரி நடந்தார்கள். பாதியில் அவள் எதற்கோ திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் தூரத்தில் கேமராமேன் மிச்சமிருந்த ஃபிலிமை ஓட்டிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

தெரிந்தது பதினைந்து வருஷம் கழித்து. தென்னூரில் எங்கள் சந்து முனையில் குத்புதீன் பாய் வீடு. துபாயிலிருந்து வரும்போது கலர் டிவி கொண்டு வந்திருந்தார். மற்ற வீடுகளில் எங்களை ஜன்னலுக்கு வெளியே நிற்கவைப்பார்கள். பாய் மட்டும், "வாங்க பிச்சமுத்து, உள்ள வந்து உக்காருங்க, அம்மாவையும் கூப்புடுங்க" என்று கூடத்தில் பாய் விரித்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சினிமா போடுவதற்கு முன்னால் அந்தப் பழைய படத்தைப் போட்டார்கள். மெலிதான வயலின், கனத்த குரலில் ஒருவர் வர்ணனை. "மனிதர் காலடி படாத பொன்மணல்" என்றாராம். சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தப் பொன்மணலில் என் அப்பாவும் அம்மாவும் நடந்து வந்தார்களாம். அஞ்சு விநாடி. அம்மா திரும்பிச் சிரித்தாள். டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அய்யய்யோ, நம்மளையுமா புடிச்சிருக்கான் படுபாவி" என்று வெட்கப்பட்டாளாம்.

எல்லாம் 'ஆம்' போட்டு எழுதுகிறேன், கவனித்தீர்களா? நான் பார்க்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. பாய் மகள் ஆரிஃபா என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள் என்று வாசலில் அவள் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரே சத்தமாக இருக்கிறதே என்று ஓடி வந்தபோது கலங்கரை விளக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். என் முன்கோபத்துக்கு நான் கொடுத்த விலை அது. ஆரிஃபா இன்றைக்கும் போனில் பேசினால், "அந்தச் சடைக்கு நீ எனக்கு மன்னிப்பு கேக்கவே இல்ல" என்பாள்.

மூன்று வருஷத்தில் மஞ்சள் காமாலை வந்து அம்மா செத்துப்போனாள். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்போதுதான் வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை என்பது உறைத்தது. சொந்தக்காரர் ஒருவரின் கல்யாண போட்டோவில் மட்டும் பின்வரிசையில் நிற்கிறாள். முன்னால் நின்ற மாமாவின் தலைப்பாகை அவள் முகத்தை முழுசாக மறைத்துவிட்டது. அவள் இருமுவது எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவிருக்கிறது. மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரியாது. அப்பாவைக் கேட்டால், "கண்ணாடில போய்ப் பாரு, உன்ன மாதிரிதான்" என்பார். நாற்பது வயதுக்கு மேல் அதுவும் உதவவில்லை. அவள் போன வயதை நான் தாண்டிவிட்டேன்.

அந்தப் படத்தைத் தேடாத இடமில்லை. யூடியூபில் தேடினேன், டிவி நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன், கம்பெனியைத் தேடினால் அது எப்போதோ மூடியாயிற்று. இதற்குள் அப்பாவுக்குச் சர்க்கரை கண்ணில் ஏறிவிட்டது. வலது கண் போய்விட்டது, இடது கண்ணுக்கு ஒரு வருஷம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும், "அந்தப் படம் கெடைச்சுதா?" என்று கேட்டார். பல வருஷமாக அவர் கேட்காத கேள்வி.

போன மாதம் வாட்ஸாப்பில் ஒரு நோட்டீஸ் வந்தது. பழைய படங்களைத் தேடிப் புதுப்பித்துக் காட்டும் சங்கமாம். ஐம்பது வருஷப் பழைய சுற்றுலாப் படம், புத்தம்புதுப் பொலிவோடு, அனைவரும் வருக. நோட்டீஸில் போட்டிருந்த கலங்கரை விளக்கத்தைப் பார்த்ததும் இதுதான் என்று தெரிந்துவிட்டது. மறுநாளே கடைவீதிக்குப் போய் நல்ல தேக்கு ஃப்ரேம் ஒன்று வாங்கி வந்துவிட்டேன். ஆணியும் அடித்தாயிற்று. போனில் அந்த அஞ்சு விநாடியைப் பிடித்து, ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு மாட்டிவிட வேண்டும் என்பது திட்டம். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் பெயர் வைக்கக்கூடாது என்பார்கள். எனக்கு எங்கே பொறுமை.

அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். முன்வரிசையில் உட்கார்ந்தோம். சங்கத் தலைவர் தங்க ஃப்ரேம் கண்ணாடி போட்ட பெரிய மனிதர். அப்பாவைப் பார்த்துவிட்டு என்னிடம், "இது கெஸ்ட்டுக்கு" என்றார். "நாங்களும் கெஸ்ட்தான்" என்று சொல்லிவிட்டு அசையாமல் இருந்தேன். நான் முறைத்த முறைப்பில் பின்னால் போய்விட்டார்.

படம் ஓடியது. கொள்ளிடம் வந்தது, மொட்டைக் கோபுரம் வந்தது. "இது நாங்க பெருக்கினது" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். கடல் வந்தது. என்னமோ நேற்று எடுத்த மாதிரி நீலம். தென்னை வரிசை, மாளிகை, மணல். ஒவ்வொன்றுக்கும் "ஆகா" என்றார்கள். எனக்குப் பின்னால் ஒரு அம்மாள், "அந்தக் காலத்துல எவ்வளவு சுத்தமா வச்சிருந்திருக்காங்க பாருங்க, இப்பதான் ஜனங்க நாசம் பண்ணிட்டாங்க" என்று பெருமூச்சு விட்டாள். எனக்கு நாக்கின் நுனி வரை வந்தது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இனிமேதான் வரும். போன எடு" என்றார். நான் போனை உயர்த்தினேன்.

"மனிதர் காலடி படாத பொன்மணல்" என்றது கனத்த குரல்.

மணல் வந்தது. ஈர மணல், சாயங்கால வெயில், மெல்ல அலை. ஆள் இல்லை. மணலின் நடுவில் இரண்டு வரிசைக் காலடித் தடம் மட்டும் குறுக்கே போயிற்று. அஞ்சு விநாடி. அடுத்தது கலங்கரை விளக்கம்.

அப்பா இடது கண்ணைக் கசக்கிக்கொண்டார். "எனக்குத் தெரியலயா, இல்ல வரலயா?" என்று கேட்டார். பாவி மனுஷன் தன் கண்ணைச் சந்தேகப்படுகிறார். "வரலப்பா" என்றேன்.

படம் முடிந்ததும் அஜித் என்று ஒருவரை மேடையேற்றினார்கள். படத்தைப் புதுப்பித்த ஸ்டூடியோக்காரர், முப்பது வயது இருக்கும், பார்க்க நல்ல பிள்ளைதான். கீறல், தூசி, பூஞ்சை எல்லாம் எப்படித் துடைத்தோம் என்று விளக்கினார். பிறகு பெருமையாகச் சொன்னார். "ஒரு எடத்துல ரெண்டு பேர் குறுக்க நடந்து போறாங்க சார். அதுல ஒரு லேடி நேரா கேமராவையே பாத்துடறாங்க. அவ்ளோ அழகான ஃப்ரேம் கெட்டுப்போச்சு. வர்ணனைக்கும் ஒத்துவரல. அந்த ஷாட்ல அவங்க வெளிய போனப்புறம் இருக்கிற கடைசி ஃப்ரேம எடுத்து வச்சு, அலைய மட்டும் ஓட விட்டோம். பதினோரு நாள் வேலை. இப்ப பாத்தா யாராச்சும் இருந்த மாதிரியே தெரியாது."

ஹால் முழுக்கக் கை தட்டினார்கள்.

அப்போதுதான் எனக்குக் குமட்டியது. மலத்தை அள்ளிய கையைப் பார்த்து வராத குமட்டல், அதை அள்ளியவளைத் துடைத்து எறிந்துவிட்டுக் கை தட்டுகிற கூட்டத்தைப் பார்த்து வந்தது. எழுந்தேன். என்னென்னவோ திட்ட வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"தம்பி, தொடைக்கறதுக்கு முன்னாடி இருந்தது உங்ககிட்ட இருக்குங்களா?"

"இல்லீங்கய்யா. வேலை முடிச்சுக் குடுத்ததும் டிஸ்க்க காலி பண்ணிடுவோம்."

"ஃபிலிமு?"

"அது கெட்டுப்போன ரீல்யா. ஒரே புளிச்ச காடி நாத்தம், ஆபீஸ்ல யாரும் உக்காரவே முடியல. தூக்கிப் போட்டாச்சு." சொல்லும்போதே மூக்கைச் சுளித்தார்.

"அதுல நடந்து போனது இவருதான்," என்றேன். "நீங்க தொடைச்ச லேடி எங்கம்மா. செத்து முப்பத்து மூணு வருஷமாச்சு. வீட்ல வேற படம் இல்ல."

அஜித் முகம் வெளுத்துவிட்டது. "சாரி மேடம். எங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார். அதுவும் உண்மைதான். தெரிந்திருக்க அவர்களுக்கு அவசியமும் இல்லை. தலைவர்தான் சமாளிக்க வந்தார். அப்பாவின் தோளைத் தட்டப் போய், கடைசி நேரத்தில் கையை இழுத்து நாற்காலியைத் தட்டினார்.

"மனசுல வச்சுக்காதீங்க. நன்றி கார்டுல உங்க பேரச் சேத்துடுவோம். நீங்க என்ன வேலை பாத்தீங்க அதுல?"

"பீ அள்ளினோங்க" என்றார் அப்பா.

சமோசாத் தட்டோடு நின்றவர்கள் தட்டைக் கீழே வைத்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அப்படி ஒரு திருப்தி. தலைவர் கர்ச்சீப்பை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு, "சுற்றுப்புறத் தூய்மைன்னு போட்டுக்கலாம்" என்றார். "உங்க கார்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு அப்பாவை அழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். டீ சாப்பிட்டுப் போகச் சொல்லிப் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். நான்தான் அழுதேன், கோபத்தில் எனக்கு அழுகை வரும். ஆணியைப் பிடுங்க வேண்டும், ஃப்ரேமை உடைத்து அடுப்பில் போட வேண்டும் என்றெல்லாம் புலம்பினேன். அப்பா, "போனக் குடு" என்றார். ஆள் வராத அந்த அஞ்சு விநாடியையும் என் கை பிடித்துத்தான் வைத்திருந்தது. நிறுத்திக் கொடுத்தேன். இடது கண்ணுக்கு நாலு விரல்கடை தூரத்தில் வைத்துக்கொண்டு, பெரிதாக்கச் சொல்லி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என்னுது. பெரிய காலு. இது அவளுது." கட்டை விரல் நகத்தால் காட்டினார். "குதிங்கால் பதியல பாரு. பன்னண்டு நாளா எதயும் மிதிச்சுடக் கூடாதுன்னு நுனிக்கால்லயே நடந்து பழகிட்டா. ஊருக்கு வந்தும் ஒரு மாசம் அப்படித்தான் நடந்தா."

நான் குனிந்து பார்த்தேன்.

"இங்க பாரு." இரண்டாவது வரிசையில் ஒரு இடத்தில் மணல் திருகிக் குழம்பியிருந்தது. ஒரு கால் மட்டும் பக்கவாட்டில் திரும்பி, மறுபடி நேராகப் போயிருந்தது. "இங்கதான் திரும்பிச் சிரிச்சா."

மறுநாள் தென்னூரிலேயே ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தவர், "வெறும் மணலா இருக்கேக்கா, ஆளே இல்ல?" என்றார். "இருக்கட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் மவுஸை அப்படியும் இப்படியும் நகர்த்தினார். நல்ல மனுஷர், நமக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் கேட்டார்.

"நடுவுல இந்தக் கால் தடம் அசிங்கமா இருக்கு. எடுத்துட்டா பளிச்சுனு இருக்கும். காசு வேணாம், ரெண்டு நிமிஷ வேலைதான். எடுத்துடட்டுமா?"

எனக்கு மறுபடியும் குமட்டியது. வாயைத் திறந்தால் கண்டதும் வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்பா மேஜையைத் தடவிப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வேணாங்க," என்றார். "அது ஒண்ணுதான் நாங்க அழிக்காம விட்டது."